முதல் வலிப்பும் முதல் மாத்திரையும்

(மாதனூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அதுவரை ஒரு நோயும் அறியாத மனிதன் ஒருவன், ஒருநாள் வேலைக்குப் புறப்படும் வேளையிலோ வேலையின் நடுவிலோ நினைவிழந்து விழுந்து, கைகால் இழுத்து, வாயில் நுரை தள்ளி, சில நிமிஷங்களில் கண் விழித்து, நடந்தது இன்னதென்று அறியாமல் சுற்றி நிற்பவர்களின் முகங்களை மாறி மாறிப் பார்க்கிறான் என்றால், அன்று மாலைக்குள் அவன் வீட்டாரும் அவனைப் பார்க்கும் வைத்தியரும் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டியவர்களாகிறார்கள். இந்த ஒரு வலிப்புக்காக வலிப்பு மாத்திரையை இன்றே தொடங்குவதா, அல்லது காத்திருந்து பார்ப்பதா என்பதே அந்தக் கேள்வி. கேட்பதற்கு மிகச் சிறியதாகத் தோன்றும் இக்கேள்வி, உலகத்து நரம்பியல் வைத்தியர்களை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இரு கட்சிகளாகப் பிரித்து வைத்திருந்தது. அதற்கு நம் தேசத்துக்கே உரிய விடையின் முக்கியமான பகுதியோ, இங்கிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் வேலூரில்தான் கண்டறியப்பட்டது. ஆகையால் மாதனூரில் நின்று பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான விஷயம் எனக்குத் தோன்றவில்லை.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வலிப்பு வந்த நாள் காரணத்தைத் தேடுவதற்குரிய நாள். மாத்திரை எழுதுவது அந்தத் தேடலின் முடிவில் வரவேண்டிய காரியமேயன்றி, தேடலுக்குப் பதிலாக வரவேண்டிய காரியமன்று. சிலருக்கு அன்றே தொடங்கத்தான் வேண்டும். பலருக்குத் தொடங்காமல் காத்திருப்பதால் பின்னால் குணமாகும் வாய்ப்பு சிறிதும் குறைவதில்லை. இவ்விரு வகையாரையும் பிரித்தறியாமல், விழுந்தவர் எல்லாருக்கும் ஒரே சீட்டை எழுதிக் கொடுப்பதும், விழுந்தவர் எல்லாரையும் ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் ஒரே அளவில் தவறானவை.

வலிப்பு வந்தவனை நம் பக்கத்து ஜனங்கள் முதலில் என்ன செய்கிறார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். இரும்புச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். தோல் செருப்பை மூக்கருகே பிடிப்பார்கள். தோலைப் பதனிட்டு உலகத்துக்கு அனுப்பும் இந்த வட்டாரத்தில் செருப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிஷங்களில் தானாகவே அடங்கும் இயல்புடையதாதலால், அந்த நேரத்தில் எதைப் பிடித்திருந்தாலும் அதுவே நிறுத்தியதாகத் தோன்றுகிறது என்பதற்கு மேல் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது. செய்யவேண்டியது எளிது: இயந்திரத்துக்கும் நீருக்கும் நெருப்புக்கும் அப்பால் அவனை நகர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் நுழைக்காமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது, ஐந்து நிமிஷம் கடந்தும் நிற்கவில்லையானால் ஆம்புலன்ஸை அழைப்பது. இதற்கு மேல் ஒரு காரியம் உண்டு. அருகில் நிற்பவர்களில் ஒருவர் கைபேசியில் அதைப் படமெடுத்து வைத்தாரானால், மறுநாள் வைத்தியருக்கு அது எந்தப் பரிசோதனைக்கும் குறையாத உதவியாகும்.

ஏனெனில் வைத்தியர் கேட்கவேண்டிய முதற் கேள்வி, நடந்தது வலிப்புதானா என்பது. சித்திரை வெயிலில் நெடுநேரம் நின்றவர் மயங்கி விழும்போதும் கைகால் சில விநாடிகள் துடிப்பதுண்டு. அது மூளைக்கு இரத்தம் குறைந்ததால் வந்த மயக்கமேயன்றி வலிப்பு நோய் அன்று. நீரிழிவுக்கு மருந்து உண்பவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கினாலும், நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினாலும், இரத்தத்தில் உப்பு குறைந்தாலும் உண்மையான வலிப்பே வரும். ஆயினும் அதற்குரிய சிகிச்சை அந்தக் காரணத்தைத் திருத்துவதுதான். அங்கே நீண்டகால வலிப்பு மாத்திரைக்கு வேலையில்லை. குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வரும் வலிப்பும் பெரும்பாலும் அத்தகையதே. நம் தொழிலுக்கே உரிய ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறோம். அந்தக் கழிவுநீர் பின்கட்டத்து அமிலக் கழிவோடு கலக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் விஷவாயு எழுகிறது. கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவன் அந்த வாயுவால் ஒரு மூச்சில் சாய்ந்து இழுத்துக்கொள்வதை வலிப்பு நோய் என்று எழுதிவிட்டால், அவனுக்கு வேண்டாத மாத்திரை கிடைப்பது ஒரு தீங்கு. அந்தத் தொட்டி அடுத்தவனுக்காகத் திறந்தே இருப்பது அதைவிடப் பெரிய தீங்கு.

இரண்டாவது கேள்வி, இது உண்மையிலேயே முதல் வலிப்புதானா என்பது. பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, காலையில் எழுந்தவுடன் கை வெடுக்கென்று உதறிக் காபி டம்ளரைக் கீழே போடுகிறாள்; கவனமில்லை என்று தாயார் கடிந்துகொள்கிறார். பரீட்சைக்குக் கண்விழித்த ஓர் இரவுக்குப் பிறகு அவள் பெரிய வலிப்போடு விழும்போது, வீட்டார் அதையே முதல் வலிப்பு என்கிறார்கள். ஆனால் அந்தக் காலை உதறல்கள் ஒவ்வொன்றும் சிறு வலிப்பே. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. பரிசோதனை இதை உறுதிப்படுத்தும். இப்படிப்பட்டவளுக்குக் காத்திருப்பதில் பிரயோஜனமில்லை, மாத்திரை வேண்டும். அதிலும் எந்த மாத்திரை என்பது முக்கியம். ஏனென்றால் வலிப்புக்கென்று பலரும் வழக்கமாக எழுதும் கார்பமசெபைன் இந்த வகை உதறலை அதிகமாக்கும். தூக்கத்தில் நாக்கைக் கடித்து, காலையில் தலையணையில் இரத்தம் கண்டு, சூட்டினால் வந்தது என்று விட்டுவிட்டவர்களும் உண்டு. நிதானமாக அரை மணி நேரம் கேட்டாலன்றி இவை வெளிவரா.

இவ்விரண்டு கேள்விகளையும் கடந்து, தூண்டிய காரணம் ஏதும் இல்லாத, உண்மையான முதல் வலிப்புதான் இது என்று தெளிந்தபின் எழும் விவாதத்துக்கு வருகிறேன். வில்லியம் கௌவர்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் 1881ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஒரு வலிப்பு அடுத்த வலிப்புக்கு வழி திறந்துவிடும் என்னும் கருத்தை முன்வைத்தார். அக்கருத்து உண்மையானால், முதல் வலிப்பன்றே மருந்து தொடங்கி அந்த வழியை அடைப்பதுதான் விவேகம். 1912இல் ஃபீனோபார்பிடோனும் 1938இல் ஃபெனிடாயினும் வலிப்புக்கு மருந்தாக வந்தபின் பல வைத்தியர்கள் அப்படியே செய்தும் வந்தார்கள். இதைச் சோதித்துப் பார்க்க நெடுங்காலம் எவரும் துணியவில்லை. 1993இல் முடிவை வெளியிட்ட இத்தாலிய வைத்தியர்கள் குழு ஒன்று, முதல் வலிப்பு வந்த 397 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே மருந்து கொடுத்தும் மற்றப் பிரிவை மறு வலிப்பு வரும்வரை காக்கவைத்தும் பார்த்தபோது, இரண்டாண்டுகளில் வலிப்பு மீண்டும் வரும் வாய்ப்பு மருந்துண்டவர்களில் 25 சதவீதமாகவும் உண்ணாதவர்களில் 51 சதவீதமாகவும் இருந்தது. மருந்துக் கட்சி வென்றுவிட்டது என்றுதான் எண்ணத் தோன்றும். ஆனால் அதே குழுவினர் நான்காண்டுகள் கழித்து, 1997இல், தொடர்ந்து இரண்டாண்டுகள் வலிப்பின்றி வாழும் பேறு யாருக்குக் கிட்டியது என்று கணக்கிட்டபோது, இரு பிரிவினருக்கும் இடையே நிச்சயமாகச் சொல்லத்தக்க வேற்றுமை ஏதும் காணவில்லை. பிரிட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு 1,443 பேரிடம் நடந்து 2005இல் வெளியான பெரிய ஆராய்ச்சியும் அதையே சொன்னது: மூன்றாம் ஆண்டுக்கும் ஐந்தாம் ஆண்டுக்கும் இடையே வலிப்பின்றி இருந்தவர்கள், உடனே தொடங்கியவர்களில் 76 சதவீதம், காத்திருந்தவர்களில் 77 சதவீதம்.

இந்த எண்களின் பொருளை நாம் அவசரமின்றி உணர வேண்டும். மாத்திரை, உண்ணும் காலத்தில் வலிப்பை அடக்குகிறது, அதில் ஐயமில்லை. வலிப்பு நோய் என்னும் நீண்டகால ஸ்திதி உருவாவதையோ மறைவதையோ அது மாற்றுவதில்லை. ஆகவே முதல் வலிப்புக்குப்பின் மாத்திரை தொடங்குகிறவர் வாங்கிக்கொள்வது அடுத்த ஓரிரண்டு ஆண்டுகளுக்கான பாதுகாப்பு. தொடங்காதவர் இழப்பதும் அந்தப் பாதுகாப்பைத்தான், வருங்காலக் குணத்தை அன்று. உலகச் சுகாதார நிறுவனம் முதல் வலிப்புக்கு வழக்கமாக மருந்து எழுத வேண்டாம் என்று கூறுவதும் இதுபற்றியே. அமெரிக்க நரம்பியல் வைத்தியர் சங்கங்கள் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மறு வலிப்பு முதல் இரண்டாண்டுகளில் 21 முதல் 45 சதவீதம் பேருக்கு வரும் என்றும், முன்பே மூளைக்கு ஊறு நேர்ந்தவர், ஈ.ஈ.ஜி.யில் வலிப்பலைகள் உடையவர், ஸ்கேனில் குறை தெரிந்தவர், தூக்கத்தில் வலிப்பு கண்டவர் ஆகியோருக்கு அந்த வாய்ப்பு மிகும் என்றும் தெரிவிக்கிறது. ஒரே ஒரு வலிப்பு வந்திருந்தாலும், அடுத்த பத்தாண்டுகளில் மீண்டும் வரும் வாய்ப்பு 60 சதவீதத்துக்குக் குறையாது என்று தெரியுமானால் அவரை நோயாளியாகவே கருதலாம் என்று சர்வதேச வலிப்பு எதிர்ப்புச் சங்கம் 2014இல் வகுத்ததும் இதை ஒட்டியதே.

ஆனால் இத்தாலியிலும் பிரிட்டனிலும் கண்ட முதல் வலிப்பும், பாலாற்றங்கரையில் காணும் முதல் வலிப்பும் ஒன்றல்ல. இங்கேதான் வேலூரின் வரலாறு நமக்கு வேண்டியிருக்கிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949ஆம் ஆண்டு டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அத்தகைய துறை அதுவே முதல். அவர் கனடாவின் மாண்ட்ரியால் நகரில், வலிப்புக்கான மூளை அறுவையில் உலகப் புகழ் பெற்ற வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்தவர். ஆகவே தொடக்கம் முதலே அந்தத் துறைக்கு வலிப்பு ஒரு தலையாய விஷயமாக இருந்தது. சி.டி. ஸ்கேன் இந்தியாவுக்கு வந்து பரவியபோது, இங்குள்ள வைத்தியர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். வலிப்பு வந்த இளைஞர்கள் பலரின் மூளையில், இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான, சுற்றிலும் வீக்கமுடைய, தனியான ஒரு சிறு கட்டி தெரிந்தது. காசநோய் மிகுந்த தேசமாதலால் அதைக் காசக் கட்டி என்று கருதி, மாதக்கணக்கில் காச மருந்தைக் கொடுத்தார்கள், கட்டி மறைந்தது, மருந்து வேலை செய்தது என்று எல்லாரும் நம்பினார்கள். காச மருந்து உண்ணாத சிலருக்கும் அதே கட்டி தானே மறைந்தபோதுதான் ஐயம் பிறந்தது. வேலூரில் டாக்டர் மேத்யூ சாண்டியும் டாக்டர் வேதாந்தம் ராஜசேகரும் அவர்களுடைய சகாக்களும் அத்தகைய கட்டிகளை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, பலவற்றில் காசத்தின் அடையாளம் இல்லை. நாடாப்புழுவின் இளம்பருவமான சிஸ்டிசெர்கஸ் புழுவின் சிதைவு இருந்தது. 1989இல் லான்செட் இதழில் அவர்கள் இதை வெளியிட்டார்கள். பின்னர், கட்டியின் அளவு, மூளை அழுத்தம் கூடாமை, கைகால் பலவீனம் வளராமை, உடலில் வேறு நோய் இல்லாமை ஆகிய குறிகளைக் கொண்டு, மண்டையைத் திறக்காமலே அது புழுக் கட்டிதான் என்று அறியும் முறையையும் வகுத்து, அது நம்பத்தக்கது என்பதையும் 1997இல் நிலைநாட்டினார்கள். வேண்டாத அறுவையிலிருந்தும் வேண்டாத காச மருந்திலிருந்தும் இந்தியாவில் எத்தனையோ பேரைக் காத்த காரியம் இது; நம் பக்கத்து மருத்துவமனைக்கு வந்தவர்களின் மூளைகளைப் பார்த்தே கற்ற பாடம் என்பதால், நமக்கு அதில் தனிப்பட்ட உரிமையும் கடமையும் உண்டு.

2006இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி அந்தக் கடமையை இன்னும் தெளிவாக்குகிறது. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிவதற்கு முந்திய வேலூர் மாவட்டத்தில் 50,617 பேரை விசாரித்துப் பார்த்தபோது, ஆயிரத்துக்கு 3.83 பேர் நடப்பு வலிப்பு நோயுடையவர்களாக இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவே காரணம்.

இந்தப் புழுவைப்பற்றி இங்குள்ள நம்பிக்கைகளில் ஒன்றைத் திருத்தாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. பன்றி இறைச்சி தின்பவருக்கே இது வரும் என்று பலர் எண்ணுகிறார்கள்; முட்டைக்கோஸில் இருக்கும் பூச்சி மூளைக்கு ஏறிவிடும் என்று வேறு சிலர் அஞ்சுகிறார்கள். சரியாக வேகாத பன்றி இறைச்சியிலுள்ள கட்டியை உண்டவர் குடலில் நாடாப்புழு வளர்கிறது. மூளைக்கு நோய் கொண்டுவருவதோ, அப்படிப் புழு வளர்ந்த மனிதரின் மலத்தோடு வெளியேறும் முட்டை. அந்த முட்டை கழுவாத கையாலும் கழிவுநீர் பட்ட பச்சைக் காய்கறியாலும் குடிநீராலும் வாய்க்குள் போகிறது. ஆகவே வாழ்நாளில் மாமிசம் தொடாதவருக்கும், பன்றியைக் கண்ணாலும் காண விரும்பாத வீட்டாருக்கும் இது வருகிறது. கோஸின் தலையில் பழியைப் போடுவதைவிட, நாடாப்புழு உள்ளவருக்குக் குடற்புழு மருந்து கொடுப்பதும், கழிப்பறையும் கைகழுவுதலும் எல்லாருக்கும் கிட்டச் செய்வதுமே இதற்குரிய பரிகாரம்.

இனி நம் கேள்விக்கு வருவோம். முதல் வலிப்போடு வந்தவரின் ஸ்கேனில் இந்தச் சிறு கட்டி தெரியுமானால், காத்திருக்கலாம் என்ற ஐரோப்பிய விடை அவருக்குப் பொருந்தாது; கட்டி எரிச்சலூட்டிக்கொண்டிருக்கும் காலமெல்லாம் மறு வலிப்புக்கு இடமுண்டு; ஆகையால் மாத்திரையை உடனே தொடங்குவதே முறை. ஆனால் அவர் ஆயுள் முழுவதும் உண்ண வேண்டியவரும் அல்லர். கட்டி பெரும்பாலும் சில மாதங்களில் சுருங்கி மறைகிறது. மறைந்த சில மாதங்களில் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்பதும், அப்படி நிறுத்தியவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பின்னர் வலிப்பின்றி வாழ்கிறார்கள் என்பதும் வேலூர் வைத்தியர்கள் 2004இல் வெளியிட்ட அனுபவம். கட்டி மறையாமல் சுண்ணாம்புத் தழும்பாக உறைந்தவர்கள், இரண்டுக்கு மேற்பட்ட வலிப்பு கண்டவர்கள், மாத்திரை உண்ணும்போதே வலிப்பு வந்தவர்கள் ஆகியோருக்கு மட்டும் மீண்டும் வரும் வாய்ப்பு மிகுதி. அவர்களுக்கு நீண்டகாலம் தொடர வேண்டும். ஆகவே நம் வட்டாரத்தில், முதல் வலிப்புக்குப்பின் ஒரு ஸ்கேன் எடுப்பதை ஆடம்பரம் என்று எவரும் கருதலாகாது.

ஸ்கேனும் ஈ.ஈ.ஜி.யும் குறையின்றி இருக்குமானால் நிலைமை வேறு. அப்போது எண்கள் இரு பக்கத்துக்கும் இடம் கொடுக்கின்றன. எது சரி என்பது அந்த மனிதரின் வாழ்க்கையைப் பொறுத்தது. ஷூ கம்பெனியில் தரையில் அமர்ந்து பசை பூசுகிறவருக்கு மறு வலிப்பு என்பது ஒரு விழுகை. தோலை மெலிதாகச் சீவும் ஷேவிங் இயந்திரத்தில் நிற்பவருக்கும் சுண்ணாம்புக் குழியின் விளிம்பில் வேலை செய்பவருக்கும் அது கையோ உயிரோ போகும் காரியம். லாரி ஓட்டுகிறவருக்கு அது சாலையில் போகும் மற்றவர்களின் உயிரும் ஆகும். அவர் மாத்திரை உண்டாலும் உண்ணாவிட்டாலும், வைத்தியர் அனுமதிக்கும்வரை வண்டியைத் தொடக்கூடாது. ஆபத்தான வேலையைச் சிறிது காலம் மாற்றிக் கொடுக்க முதலாளி இசைவாரானால் மாத்திரை இன்றியே காத்திருக்கலாம். இசையாவிட்டால், அந்தத் தொழிலாளி வலிப்பைவிட வேலையிழப்புக்கு அஞ்சி நோயை மறைப்பார். முதலாளிகள் பலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். ஒருமுறை விழுந்தவனை விலக்காமல் ஓராண்டு வேறு மேஜைக்கு மாற்றுவது, எந்த வைத்தியரும் எழுதித் தர முடியாத சிகிச்சை.

மணமாகாத பெண்களின் விஷயத்தை நான் தனியே சொல்ல வேண்டும். இதில் என் மனம் மிகவும் நொந்திருக்கிறது. ஒரே ஒரு வலிப்புக்காகத் தொடங்கிய மாத்திரை, பெண் பார்க்க வருகிற வீட்டில் நோய்க்குச் சாட்சியாகிறது. அதனால் அது அரிசிப் பானைக்குள்ளும் புடவை மடிப்புக்குள்ளும் ஒளிகிறது, திருமணத்தன்று நிற்கிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்துவதே வலிப்பைக் கொண்டுவரும். உறக்கமின்மையும் பட்டினியும் சேர்ந்த அந்தக் கல்யாண நாட்களிலோ சொல்ல வேண்டியதில்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்திலும் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் திரும்பத் திரும்ப வரும் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்தார்கள். 1999இல் செய்த திருத்தம் அதை நீக்கிவிட்டது. மாமியார் வீட்டு மனம் இன்னும் திருந்தவில்லை. மேலும், வால்புரோயேட் என்னும் மாத்திரையைக் கர்ப்ப காலத்தில் உண்டால் சிசுவின் முதுகுத்தண்டு முதலிய உறுப்புகளும், பின்னர் குழந்தையின் அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படக்கூடும். வேறு வழியிருக்கும்போது இளம்பெண்ணுக்கு அதை முதல் மருந்தாக எழுதுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே ஸ்கேனும் ஈ.ஈ.ஜி.யும் தூய்மையாக உள்ள இளம்பெண்ணுக்கு முதல் வலிப்பு வந்தால், மாத்திரையின்றிக் காத்திருப்பதையே நான் விரும்புவேன். ஆனால் அந்த முடிவை அவளுடைய தகப்பனாரிடம் மட்டும் பேசி எடுக்க மாட்டேன், அவளிடம் பேசி எடுப்பேன். இனி ஒருமுறையும் விழ முடியாது, மாத்திரைதான் வேண்டும் என்று அவள் சொல்வாளானால், அதுவும் நியாயமான முடிவே.

காத்திருப்பது என்பது சும்மா இருப்பதன்று. உறக்கம் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மதுவை விலக்க வேண்டும். கிணற்றிலும் ஏரியிலும் தனியே குளிக்கலாகாது. அடுப்பருகே துணைக்கு ஆள் வேண்டும். உயரத்தில் ஏறும் வேலை கூடாது. மறு வலிப்பு வருமானால் பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள் வருவதால், இந்தக் கட்டுப்பாடுகளும் நாளடைவில் தளரும். இரண்டாவது வலிப்பு வந்துவிட்டால் விவாதத்துக்கு இடமில்லை. மாத்திரை தொடங்க வேண்டும், ஒருநாளும் விடாமல் உண்ண வேண்டும்.

இந்த அறக்கட்டளைக் குழுவினரிடம் ஒரு விண்ணப்பம் வைத்து என் உரையை முடிக்கிறேன். முதல் ஸ்கேனுக்குக் கடன் வாங்கியாவது பணம் திரட்டிவிடுகிற தொழிலாளி, கட்டி மறைந்துவிட்டதா என்று பார்க்கவேண்டிய இரண்டாவது ஸ்கேனுக்கு வருவதில்லை. உடல் நன்றாயிருக்கும்போது ஒரு நாள் கூலியை விட்டு, கையிலிருக்கும் பணத்தையும் செலவழித்து வேலூருக்குப் போவானேன் என்று அவருக்குத் தோன்றுகிறது. அதனால் ஒருவர் கட்டி இருக்கும்போதே மாத்திரையை நிறுத்தி மீண்டும் விழுகிறார். மற்றொருவர் கட்டி மறைந்து பல ஆண்டுகள் ஆனபின்னும், ஃபெனிடாயினால் ஈறு தடித்து, நடை தள்ளாட, பழைய சீட்டைக் காட்டியே மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கிறார். இந்த அறக்கட்டளையின் ஆண்டு வட்டியில் ஒரு பகுதியை, மாதனூர் ஒன்றியத்து ஏழைத் தொழிலாளர்களின் அந்த இரண்டாவது ஸ்கேனுக்கும் அன்றைய கூலிக்கும் பேருந்துச் செலவுக்கும் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். யாருக்கு எந்த மாதத்தில் அது வேண்டும் என்ற பட்டியலை ஆரம்பச் சுகாதார நிலையத்து வைத்தியரோடு அமர்ந்து தயாரித்துத் தர நான் சித்தமாக இருக்கிறேன்.